பாலாடையில் இருந்த வாடை

எங்கள் பாலில் வாடை வருகிறது என்று முதலில் சொன்னது பாயம்மாதான். பழவேற்காடு ஊருக்குள், பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த தெருவில் அவர் வீடு. அவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். தலைப்பிரசவம் முடிந்த கையோடு டைபாய்டு வந்து படுத்ததில் தாய்ப்பால் வற்றிவிட்டது. கணவர் மெட்ராஸில் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்தார், எப்போதாவதுதான் வருவார். குழந்தைக்குப் பசும்பால் வேண்டுமென்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து தினமும் காலையில் தூக்குவாளியில் பாலை எடுத்துக்கொண்டு நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவேன்.

அன்றைக்கு அவர் வாளியை வாங்கியவுடன் உள்ளே கொண்டுபோகவில்லை. மூடியைத் திறந்து பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது.

"தப்பா நெனைக்காதீங்க வாத்தியாரம்மா. கொஞ்ச நாளாவே பாலைக் காய்ச்சினா ஒரு வாடை வருது."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மீனவர் குப்பத்திலிருந்து வரும் பால் என்பதால் அப்படித் தோன்றுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கருவாட்டு வாடையா என்று கேட்டேன்.

"கருவாட்டு வாடை எனக்குத் தெரியாதா? நானும் இந்த ஊர்ல பொறந்தவதான். இது வேற. மூட்டைப்பூச்சிக்கு மருந்து போட்ட ரூமுக்குள்ள நுழைஞ்சா வருமே, அந்த மாதிரி."

அன்றைய பாலை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வந்தேன். அவருக்கு வேறு பால் கிடையாது. திரும்பி வரும் வழியெல்லாம் காலி வாளியை மூக்கருகே பிடித்துக்கொண்டே நடந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. என் கணவர் குப்பத்துத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியர். நான் பிறந்தது பொன்னேரிக்கு மேற்கே, நெல் விளையும் ஊரில். என் மூத்த பெண் தாய்ப்பால் மறந்ததும், பேத்திக்குப் பால் வேண்டுமென்று என் நைனா ஒரு செவலைப் பசுவைக் கயிற்றைப் பிடித்து ஓட்டிவந்து கட்டிவிட்டுப் போனார். அந்தக் குப்பத்தில் மாடு இருந்த ஒரே வீடு எங்களுடையது. மணல் பூமி. ஏரி வற்றும் காலத்தில் கரையெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும். மேய்வதற்குப் புல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நைனா அறுப்பு முடிந்ததும் வண்டியில் வைக்கோல் அனுப்புவார். அதை வைத்துத்தான் மாடு பிழைத்தது.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. நைனாவின் நிலத்தில் நட்ட பயிர் கதிர் பிடிக்காமலே காய்ந்தது. வைக்கோல் வரவில்லை. இருந்த மாட்டை விற்றவர்களும், கூரையைப் பிரித்து மாட்டுக்குப் போட்டவர்களும் அங்கே உண்டு. எங்கள் பசு அப்போதுதான் இரண்டாவது கன்று ஈன்றிருந்தது. நான் எங்கெங்கோ அலைந்தேன். ஆரம்பாக்கம் வரை போய்த் தவிடு கேட்டேன். உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாதவள் நான். கவலை வந்துவிட்டால் இன்னும் மோசம்.

வழி சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. அவர் புருஷன் ஏரியில் இறால் பிடிக்கப் போவார். வலையில் கூடவே வரும் சின்னச் சின்னக் காரப்பொடி மீன்களை அக்கா மணலில் பரப்பிக் காயவைத்து மூட்டை கட்டி வியாபாரிக்குப் போடுவார். அதில் உடைந்ததும் தூளானதும் ஒரு பக்கம் குவிந்து கிடக்கும். கோழித் தீனிக்கென்று அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்களே, மாடு மட்டும் தின்னாதா என்று அவர் கேட்டார். எனக்கு அருவருப்பாக இருந்தது. மாட்டுக்கும் அப்படித்தான் இருந்தது, முதல் நாள் தொட்டிக்கு முகத்தைக் காட்டவேயில்லை. தவிட்டில் கலந்து, கொஞ்சம் வெல்லத்தைக் கரைத்து ஊற்றி வைத்தேன். பசி அதன் வேலையைச் செய்தது. பிறகு மீன்தூள் இல்லாமல் தவிடு வைத்தால் என்னைத் திரும்பிப் பார்க்கும்.

பால் கூடியது. அது சாதாரணமாகக் கூடவில்லை. காய்ச்சி ஆறினால் மேலே ஆடை தடிப்பாக, விரலால் மடித்து எடுக்கும்படி நின்றது. வெண்ணெய் எடுத்து நெய் காய்ச்சினேன். என் பெண் அதுவரை நோஞ்சானாக இருந்தவள். சுடுசோற்றில் நெய்யை ஊற்றிப் பிசைந்து ஊட்டினேன். அவள் கன்னம் உப்பத் தொடங்கியதைக் குப்பமே பார்த்துச் சொன்னது. நானும் அப்போது இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தேன். எனக்கும் ஒரு டம்ளர் பால் குடிக்கக் கிடைத்தது. ஊரே காய்ந்து கிடந்த வருஷத்தில் எங்கள் வீட்டில் மட்டும் பால் பொங்கியது.

இந்த நேரத்தில்தான் பாயம்மா வாடை என்றார்.

வீட்டுக்கு வந்து வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கறக்கும் செம்பை மாற்றினேன். மறுநாளும் பாயம்மா தலையை அசைத்தார். அடுத்து என் சந்தேகம் சுவர்மேல் போயிற்று. மலேரியா ஒழிப்புக்கென்று டி.டி.டி. அடிக்கிறவர்கள் சில மாதங்களுக்கு முன் வந்து போயிருந்தார்கள். வீட்டுச் சுவர், மாட்டுக் கொட்டகைச் சுவர் எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படிந்திருந்தது. எங்கள் பசுவுக்குச் சுவரை நக்கும் பழக்கம் உண்டு. கொட்டகைச் சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைப்பத்தால் தேய்த்தேன். ஏரிக் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழைத்து இரண்டு முறை பூசினேன். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஏன் இப்படிப் பேயாட்டம் ஆடுகிறாய் என்று என் கணவர் கோபித்தார். அந்த அம்மாவுக்குக் காய்ச்சலில் மூக்கு கெட்டுப்போயிருக்கும் என்றும் சொன்னார்.

அதை நம்பிவிட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என் மூக்கை நான் எப்படி நம்புவது? கருவாடு காயும் காற்றையே வருஷக்கணக்காகச் சுவாசித்த மூக்கு அது. ஒரு நாள் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஆடையை மட்டும் ஒரு கிண்ணத்தில் வழித்தெடுத்துக்கொண்டு கரையோரமாக நடந்தேன். குப்பத்தைத் தாண்டி, மீன் காயவைக்கும் இடத்தையும் தாண்டி, தண்ணீரைத் தொட்டுக்கொண்டு காற்று நேராக என் முகத்தில் அடிக்கும் இடம் வரைக்கும் போனேன். அங்கே கொஞ்ச நேரம் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு நின்றேன். பிறகு கிண்ணத்தை மோந்து பார்த்தேன்.

இருந்தது. பூஞ்சணம் பிடித்த கோணிப்பையைப் பிரித்தால் வருமே, அதற்குள்ளே ஒரு மருந்துக் காரம். பாலில் தெரியாதது ஆடையில் தெளிவாக இருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து நெய்ச் சட்டியைத் திறந்தேன். ஒரு தடவை தெரிந்துவிட்ட பிறகு மூக்கு அதை விடுவதில்லை. நெய்யிலும் அதே வாடை.

அன்றிரவு என் பெண்ணுக்கு நெய் ஊற்றாமல் சோறு போட்டேன். அவள் நெய் கேட்டு அழுதாள். தீர்ந்துவிட்டது என்று சொன்னேன்.

எங்கிருந்து வருகிறது என்பது அதற்கடுத்து மேகம் கூடிய ஒரு நாளில் தெரிந்தது. மழை வரும்போலத் தோன்றி வராமல் போகும் நாட்கள் அவை. காற்று ஈரமாகிவிட்டால் கருவாட்டில் புழு வைத்துவிடும், ஈயும் வண்டும் மொய்க்கும். அக்கா காய்ந்த காரப்பொடியைக் குவியலாகக் கூட்டிவைத்து, மூட்டை கட்டுவதற்கு முன் ஒரு டப்பாவைக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார். பால்மாவு டப்பா. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தது. அதிலிருந்து சாம்பல் வெள்ளையாக ஒரு மாவு விழுந்தது. காற்றில் அது என் பக்கம் வந்தபோது என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னாக்கா அது?"

"பவுடரு. போடலன்னா ராவோட ராவா புழு வெச்சிடும். யாபாரி குடுத்துட்டுப் போனான்."

எல்லாக் குவியலுக்கும் போடுவீர்களா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும்தான் என்றார். என் மாட்டுக்குக் கொடுக்கும் தூளும் அதே குவியலின் அடியில் விழுந்ததுதான். அடியில்தான் மாவு அதிகம் தங்கும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. பவுடர் வந்த பையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பி.எச்.சி. என்று போட்டிருந்தது. நைனா நெற்பயிருக்குத் தூவும் மருந்தும் அதுதான். தூவுகிற நாளில் எங்களை வரப்புக்குக்கூட வரவிடமாட்டார்.

மறுநாள் என் பெண்ணை அக்காவிடம் விட்டுவிட்டு, ஒரு பாட்டிலில் பாலும் துணி முடிப்பில் ஒரு பிடி மீன்தூளும் எடுத்துக்கொண்டு பொன்னேரிக்கு பஸ் ஏறினேன். மாட்டாஸ்பத்திரி வாசலில் மாட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஆட்கள் நின்றார்கள். மாடு இல்லாமல் நின்றவள் நான் மட்டும். டாக்டர் நடுத்தர வயதுக்காரர். ஒரு காளையின் சீழ் பிடித்த காலைக் கழுவிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். அவசரப்படுத்தவில்லை. முடிப்பை வாங்கி மோந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்த மருந்து தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும் என்று அவர் விளக்கினார். மாடு தின்றால் அதன் உடம்புக் கொழுப்பில் போய்த் தங்கும். பால் சுரக்கும்போது அந்தக் கொழுப்போடு சேர்ந்து வெளியே வரும். அதனால்தான் ஆடையிலும் நெய்யிலும் வாடை அதிகம். காய்ச்சினால் போகாது. தீனியை இன்றைக்கே நிறுத்த வேண்டும், ஆனால் நிறுத்திய மறுநாளே பால் சுத்தமாகிவிடாது, தங்கியிருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும், மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். பாலில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்க அங்கே வசதி இல்லை. மாட்டுக்கு உண்ணிக்காக இதே பவுடரைத் தேய்க்கிறீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றேன். இனியும் தேய்க்காதீர்கள் என்றார்.

நான் நகரவில்லை. பின்னால் இருந்தவர் மாட்டை முன்னால் இழுத்தார்.

"வேற என்னம்மா?"

"மாட்டுக்குப் பால்ல வருதுன்னா, அந்தக் கருவாட்டை நாங்களும்தான் சாப்பிடறோம். பொம்பளைக்கு?"

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு தொட்டியில் கையைக் கழுவினார். கழுவிய கையையே மறுபடியும் கழுவினார்.

"கொழுப்பு யாருக்கும் கொழுப்புதாம்மா. எவ்வளவு வரும், வந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி உங்ககிட்ட சொல்லவும் மாட்டேன். அந்தக் கருவாட்டை நிறுத்துங்க. பொறக்கிற குழந்தைக்குத் தாய்ப்பாலை மட்டும் நிறுத்திடாதீங்க. அதைவிட நல்லது நம்மகிட்ட வேற இல்ல."

திரும்பும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். வழியில் ஒரு வயலில், எஞ்சியிருந்த கொஞ்சம் பயிருக்கு ஒருவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மருந்து தூவிக்கொண்டிருந்தார். வரப்பில் ஆடுகள் மேய்ந்தன. என்றைக்கும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் எதைத்தான் சாப்பிடுவது என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. பதில் தெரியாமல்தான் கேட்டார். அந்த வாரமே விடுமுறை போட்டுவிட்டு வைக்கோலுக்காக ஆந்திரா பக்கம் போனார். எல்லையைத் தாண்டி எங்கோ ஏரிப் பாசனத்தில் விளைந்த வைக்கோலை நைனா பேசி முடித்திருந்தார். அதற்கும் மருந்து அடித்திருப்பார்களே என்று நான் நைனாவிடம் கேட்டேன். மருந்து அடிக்காத வைக்கோலுக்கு நான் எங்கே போவேன் என்று அவர் கையை விரித்தார். அறுப்புக்கு வெகுநாள் முன்பு அடித்ததுதான், வெயிலிலும் பனியிலும் போயிருக்கும் என்றார். நான் அதை நம்பினேன். எதையாவது நம்பியாக வேண்டியிருந்தது.

பாலை என்ன செய்வது என்பதுதான் பெரிய பிரச்சினையாகிவிட்டது. கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். கன்றுக்கு முழுதும் விட மனம் வரவில்லை. முதல் நாள் கறந்த பாலைக் கொண்டுபோய் ஏரியில் ஊற்றினேன். கரையோரத்தில் தண்ணீர் வெளுத்தது. ஊற்றிக்கொண்டிருக்கும்போதே பொடி மீன்கள் கூட்டமாக வந்து அந்த வெள்ளைக்குள் வாயைத் திறந்து மொய்த்தன. அதன் பிறகு அங்கே ஊற்றவில்லை. நெய்ச் சட்டியைப் பனைமரத்தடியில் மணலைத் தோண்டிக் கவிழ்த்து மூடினேன். சாயங்காலத்துக்குள் நாய்கள் தோண்டி நக்கிவிட்டன. எங்கே போட்டாலும் அது யாரோ ஒருவரின் வாய்க்குள்தான் போய்ச் சேர்ந்தது. கடைசியில் தினமும் பாலைத் தோய்த்துக் கடைந்து, வெண்ணெயை மட்டும் எடுத்து அடுப்பில் போட்டு எரித்தேன். புகை வீடெல்லாம் நாறும். கொழுப்பு எடுத்த மோரை நாங்கள் குடித்தோம். அதையும் என் பெண்ணுக்குக் கொடுக்கத் தயங்கினேன்.

பாயம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிடப் போனேன். சொல்வது சுலபமாக இல்லை. அவர் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், மீன்தூளை, பவுடரை, டாக்டர் சொன்னதை. அவர் கை தட்டுவதை நிறுத்திவிட்டது.

"இத்தனை நாள் குடிச்சாச்சே," என்றார்.

அதற்கு மேல் அவர் என்னைக் குறை சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும். குழந்தையின் கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே தேடினார். நானும் வீட்டில் என் பெண்ணைத் தூக்கத்தில் அப்படித்தான் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் எழுந்து, பின்கட்டில் உறவுக்காரர் வளர்க்கும், அப்போதுதான் குட்டி போட்டிருந்த ஆட்டிலிருந்து பால் கறந்துகொள்வதாகச் சொன்னார். அந்த ஆடு தெருவெல்லாம் சுற்றி என்னவெல்லாம் தின்கிறதோ என்றும் அவரே சொன்னார். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தார்.

"வாடை போச்சான்னு உங்களால கண்டுபிடிக்க முடியாது. எங்கிட்ட கொண்டாங்க. நான் பார்த்துச் சொல்றேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு கிண்ணத்தில் பாலாடையை மூடி எடுத்துக்கொண்டு வாரத்துக்கொருமுறை அவர் வீட்டுக்குப் போவேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்று மோந்து பார்ப்பார். இருக்கிறது என்பார். உட்காருங்கள் என்று டீ கொடுப்பார். பால் இல்லாத டீ.

பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசியதுதான் கஷ்டமாக இருந்தது. இனிமேல் மீன்தூள் வேண்டாம் என்றபோது ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் மணலில் உட்கார்ந்து கருவாட்டைக் கிளறிக்கொண்டிருந்தார். பின்னால் குடிசை நிழலில் அவருடைய மகள், பிரசவத்துக்கு வந்தவள், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மாடு துன்னா ஆவாதுன்ற. நாங்க துன்றமே. அதுக்கு இன்னா சொல்ற?"

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று தினமும் கருவாட்டைச் சுட்டும் குழம்பு வைத்தும் கொடுத்துவந்தது அவர்தான். அந்தப் பார்வையை நான் பொறுக்கமாட்டாமல், கழுவினால் கொஞ்சம் போகும், சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழுவலாம் என்று என்னவோ சொல்லிவைத்தேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சொன்னது.

அக்கா அன்றைக்கே டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டார். உப்பை இன்னும் அதிகமாகப் போட்டார். கிழிந்த வலைகளை இரண்டு மடிப்பாகக் கட்டி மீன்மேல் விரித்தார், மணலில் பரப்பாமல் ஓலைமேல் காயவைத்தார். நானும் என் கணவரும் கூடப் போய்க் கம்பு நட்டு உதவினோம். வெயில் இருந்தவரை அது நன்றாகவே நடந்தது. பிறகு இவ்வளவு நாள் வராத மழை ஒன்றாக வந்து கொட்டியது. மூட்டையில் புழு வைத்துவிட்டது. வியாபாரி பிரித்துப் பார்த்துவிட்டுப் பாதியை அங்கேயே கொட்டிவிட்டுப் போனான். அக்கா அந்தப் புழுக் குவியலைக் கூட்டி ஏரியோரம் தள்ளியதை நான் வீட்டு வாசலிலிருந்து பார்த்தேன். கிட்டே போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சில நாள் கழித்து அவர் வீட்டு முற்றத்தில் இரண்டு குவியல்கள் இருந்தன. நான் கேட்காமலே அவர் சொன்னார், "இது யாபாரத்துக்கு. இது வூட்டுக்கு. வூட்டுதுல பவுடர் இல்ல. உனக்கு வோணும்னா இதுலேந்து எடுத்துக்கோ."

வியாபாரத்துக்குப் போவதை யார் சாப்பிடுவார்கள் என்று என் வாய் வரை வந்தது. அவருக்கும் அது தெரியாமல் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கருவாட்டைக் கிளறினார்.

பிரசவத்துக்காக நான் நைனா வீட்டுக்குப் போனேன். இரண்டாவதும் பெண். பால் சுரந்த முதல் நாள் குழந்தையை மார்பில் போட்டபோது நான் செய்த காரியத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு மோந்து பார்த்தேன். இனிப்பாக, வெதுவெதுப்பாக ஒரு மணம், வேறெதுவும் இல்லை. ஆனால் என் மூக்குக்கு எதுவும் தெரியாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டேன், தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. குழந்தை பசியோடு பற்றி இழுத்தது. கொடுத்தேன். அதன் கண், நகம், அழுகை, தூக்கத்தில் உதறுவது என்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டேயிருந்தேன். தூக்கத்தில் எல்லாக் குழந்தையும்தான் உதறும் என்று அம்மா அதட்டினார். எனக்கும் தெரியும். தெரிந்தும் பார்த்தேன்.

குப்பத்துக்குத் திரும்பியபோது பசு வைக்கோலும் தவிடும் மட்டும் தின்று இளைத்திருந்தது. பால் பாதியாகக் குறைந்திருந்தது. நான் இல்லாதபோது என் கணவர் வெண்ணெய் எரிக்கும் வேலையைத் தவறாமல் செய்திருந்தார், மனிதர் அதில் மீசையையும் கொஞ்சம் பொசுக்கிக்கொண்டிருந்தார். ஒரு காலையில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிண்ணத்தோடு பாயம்மா வீட்டுக்குப் போனேன். அவர் முதலில் குழந்தையை வாங்கிக்கொண்டார். அவருடைய பிள்ளை அதற்குள் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தது. ஆட்டுப்பாலில் கொழுகொழுவென்று இருந்தது. கிண்ணத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். மோந்தார். விரலால் ஆடையைத் தொட்டு நாக்கில் வைத்தார். அதற்குள் நான் தடுப்பதற்குக் கையை நீட்டிவிட்டேன்.

"இல்லங்க," என்றார். "போயிடுச்சு."

எனக்குக் கண்ணீர் வந்தது. அவர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். இனிமேல் பாலை வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் தருகிறேன் என்று சொல்லவில்லை. வாடை போனதால் மருந்தும் போய்விட்டது என்று அர்த்தமா என்று கேட்க எங்கள் இருவருக்குமே ஆள் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, டீக்கு மட்டும் அரைச் சேர் கொடுங்கள் என்று அவராகவே ஆள் அனுப்பினார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவருக்குப் பொன்னேரிக்கு மாற்றல் வந்தது. பசுவை நைனாவின் ஊருக்கே ஓட்டிப்போய் விட்டோம், அது அங்கே இன்னும் இரண்டு கன்று போட்டு வயதாகிச் செத்தது. பாயம்மா குடும்பத்தோடு மெட்ராஸுக்குப் போய்விட்டார். ஊருக்கு வரும்போது பொன்னேரியில் இறங்கி எங்கள் வீட்டுக்கு ஒரு நடை வந்து போவார். அவருடைய பிள்ளை பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த கப்பைக் காட்டுவதற்காகவே ஒரு முறை வந்தார். என் இரண்டு பெண்களும் நன்றாக வளர்ந்தார்கள். சின்னவளுக்கு அடிக்கடி சளி பிடிக்கும். பெரியவளுக்கு ஒன்றுமில்லை. எந்தச் சளிக்கு எது காரணம் என்று யார் சொல்ல முடியும்? ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். எதுவும் ஆகவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு பக்கம் அரித்துக்கொண்டே இருந்தது.

பொன்னேரிச் சந்தைக்குக் கருவாடு வாங்கப் போவேன். என் கணவருக்கு அது இல்லாமல் முடியாது. சாக்கை விரித்துக் காரப்பொடியைக் குவித்துவைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். முதல் முறை நான் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாத்துக்கும்மா மோந்து மோந்து பாக்கற? நல்ல சரக்குதான். ஏரிச் சரக்கு."

பவுடர் போட்டதா என்று கேட்டேன். எனக்கு எப்படித் தெரியும், மூட்டையாக வருகிறது, பிரித்து விற்கிறேன் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. நான் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவள் என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, மூக்கைக்கூடக் கிட்டே கொண்டுபோகாமல், நிறுத்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். இடுப்பில் ஒரு குழந்தை. கூப்பிடலாம் என்று இரண்டடி எடுத்துவைத்தேன். கூட்டத்தில் அவள் போய்விட்டாள்.

அன்றைக்குக் கருவாடு வாங்காமல் வீட்டுக்கு வந்து, கத்திரிக்காய்க் குழம்பு வைத்தேன். கத்திரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போட்டேன். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றினேன், அதையும் கொட்டினேன். சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்த சின்னவள், எத்தனை தரம்தான் கழுவுவாய், பசிக்கிறது என்றாள்.